தக்கலையில் ஒரு ஸ்குவாஷ் ஆசை – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 11 வயது. ஷட்டில் நன்றாக ஆடுவாள். 2025 டிசம்பரில் சென்னையில் இந்தியா ஸ்குவாஷ் உலகக்கோப்பை வென்றதைப் பார்த்ததிலிருந்து நான்கு சுவருக்குள் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் அந்த ஆட்டம்தான் வேண்டும் என்கிறாள். பக்கத்தில் கோர்ட் கிடையாது. சென்னையில் விடுதியில் சேர்க்கச் சொல்கிறார்கள். இதை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா?

வாசகி, தக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதே விடுதி வேண்டாம். இந்த வயதில் வரவேண்டியது கால் அசைவு. அதற்குக் கோர்ட் தேவையில்லை.

பள்ளி மைதானத்தில் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முன்சுவருக்கான கோட்டிலிருந்து சுமார் 5.5 மீட்டரில் ஒரு குறுக்குக்கோடு; அதன் நடுவிடம் ‘டி’. முன்மூலை, பக்கம், பின்மூலை என இருபுறமும் ஆறு இடங்கள். ராக்கெட்டோடு போய், பந்தில்லாமல் வீசி, ஒவ்வொரு முறையும் ‘டி’க்குத் திரும்ப வேண்டும். இதுதான் கோஸ்டிங் (ghosting) என்னும் பயிற்சி. 30 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு, எட்டுச் சுற்று போதும். கடைசிக் காலடி நீளமாக விழுந்து முட்டி மடங்க வேண்டும். பிள்ளைகள் முட்டியை மடக்காமல் இடுப்பை வளைப்பார்கள். முதுகுவலி அங்கேதான் தொடங்கும். சிமெண்ட் தரையில் ஆடவிடாதீர்கள்.

ஷட்டில் பழக்கத்தில் ஒன்று உதவும், ஒன்று கெடுக்கும். ராக்கெட்டை உயர்த்திப் பிடிப்பது நல்லது. மணிக்கட்டைச் சுண்டி அடித்தாலோ பந்து முன்சுவரின் அடியிலுள்ள தகரத்தில் போய் விழும். மணிக்கட்டை இறுக்கி, ராக்கெட் முகத்தைச் சற்றே மேல்நோக்கித் திறந்து, முன்கையால் அடிக்கப் பழக வேண்டும்.

பந்து விஷயத்தில்தான் பெரியவர்கள் அவசரப்படுகிறார்கள். பெரிய போட்டிகளின் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து, பலமாக அடித்துச் சூடேறினால்தான் எழும்பும். 11 வயதுப் பிள்ளையின் அடியில் அது சூடேறாது. துரத்தித் துரத்திக் குனிந்து ஸ்ட்ரோக்கே கெட்டுப்போகும். நன்றாக எழும்பும் நீலம் அல்லது சிவப்புப் புள்ளிப் பந்தில் தொடங்கி, பின்சுவரில் பட்டு வருவதை நிதானமாக எடுக்க வந்தபின் ஒற்றை மஞ்சளுக்குப் போங்கள். இன்னொன்று: நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் கோர்ட்டின் சுவர் வியர்க்கும், பந்து வழுக்கித் தாழ்ந்து வரும். நாள் பார்த்துக் கூட்டிப்போங்கள்.

திருவனந்தபுரம் பக்கம்தான், மாதம் இருமுறை அங்கே கோர்ட் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கோடை விடுமுறையில் சென்னை அகாடமியில் சில வாரம் ஆடட்டும். 13 வயதுப் பிரிவில் மாநில அளவில் தொடர்ந்து காலிறுதி வந்தால் விடுதியைப் பற்றி யோசிக்கலாம்.

பிழைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தொழில்முறை உலகப் போட்டித்தொடரின் அடிமட்டப் போட்டிகளில் மொத்தப் பரிசே சில ஆயிரம் டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு விமானச் செலவுகூடத் தேறாது. ஸ்பான்சரோ, அரசு உதவியோ, வேலையோ இல்லாமல் முதல் சில வருடங்களைத் தாண்டுவது கடினம். சென்னையின் தீபிகா பள்ளிக்கல் 2012-இல் உலகின் முதல் பத்துக்குள் வந்தார், இந்தியப் பெண்களில் முதலாவதாக. அவரே பெண்களுக்குப் பரிசுத்தொகை குறைவு என்று தேசியப் போட்டியைப் பல வருடம் புறக்கணித்தார். 2016-இல் தொகை சமமான பிறகுதான் திரும்பி வந்து வென்றார். அந்தப் பிடிவாதத்தின் பலன் உங்கள் மகளுக்கும் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் சேர்ந்திருப்பதும் நல்லது. ஆனாலும் படிப்பை விடவே கூடாது. நன்றாக ஆடும் மாணவிகளை அமெரிக்கக் கல்லூரிகள் தேடி எடுக்கின்றன.

முதலில் வாங்க வேண்டியது விலையுயர்ந்த ராக்கெட் அல்ல, கண் பாதுகாப்புக் கண்ணாடி. பந்து 4 செ.மீ. குறுக்களவுதான், கண்குழிக்குள் அப்படியே பொருந்திவிடும். சாதாரண மூக்குக்கண்ணாடி உடைந்து இன்னும் ஆபத்தாகும். பாலிகார்பனேட் லென்ஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.