ஷன்ட் வைத்த பிள்ளையை விமானத்தில் கூட்டிப்போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மூளையில் தேங்கும் நீரை வடிக்கத் தலையில் ஷன்ட் என்ற குழாய் வைத்து ஒரு வருடம் ஆகிறது. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் கூட்டிப்போகலாமா? வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

போகலாம். ஷன்ட் ஒழுங்காக வேலை செய்கிறது, உங்கள் நியூரோசர்ஜனும் சரி என்கிறார் என்றால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். நான் டாக்டர் இல்லை, செந்தூலில் இருக்கும் ஓர் அம்மா. ஆனால் 'பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்' என்ற வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகளுக்கு 5 மாதத்தில் ஷன்ட் வைத்தார்கள். இப்போது 15 வயது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வால்வு, அங்கிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கும் மெல்லிய குழாய்.

2017 டிசம்பர் பள்ளி விடுமுறையில், மாமனாரின் பூர்வீக ஊரில் ஒரு கல்யாணம். புதுக்கோட்டை பக்கம். அவளுக்கு அப்போது 7 வயது. திருச்சி வரை நாலு மணி நேர விமானப் பயணம். காது அடைக்கிறது என்றாள், மிட்டாய் கொடுத்தேன், தூங்கிவிட்டாள். வேறு ஒன்றும் ஆகவில்லை.

ஊருக்குப் போன ஐந்தாம் நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். மத்தியானம் வாந்தி. பெரியத்தை, கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார். கண் பட்டிருக்கிறது என்று இன்னொருவர் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். பாசத்தில் செய்ததுதான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த நானே அன்று ராத்திரி முழுவதும் காத்திருந்தேனே. அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. விடிந்ததும் எழுப்பினால், கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள், உடனே மறுபடி தூங்குகிறாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் 'ம்' என்பதோடு சரி. வயிற்றுக் கோளாறு வந்த பிள்ளை இப்படித் தூங்காது. கார் பிடித்துத் திருச்சிக்கு ஓடினோம்.

அவளைக் காப்பாற்றியது நான் கைப்பையில் வைத்திருந்த பழைய ஸ்கேன் சிடி என்றே சொல்வேன். இந்தப் பிள்ளைகளுக்கு மூளையில் நீர் இருக்கும் அறைகள் எப்போதுமே கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். பழைய படம் இல்லாவிட்டால், இப்போதுதான் பெரிதாகியிருக்கிறதா என்று புது டாக்டரால் சட்டென்று சொல்ல முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அன்று சாயங்காலமே ஆபரேஷன்.

"விமானத்தில் கூட்டி வந்ததாலா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லம்மா. குழாயோட மேல் முனை ஓட்டையில உள்ளே இருக்கிற திசு வளர்ந்து அடைச்சிருக்கு. இது ஒரு நாளில் வர்றது இல்ல. வீட்டிலேயே இருந்திருந்தாலும் அடைச்சிருக்கும்" என்றார். பிள்ளைகளுக்கு வைக்கும் ஷன்ட்களில் ஏறக்குறைய 10-க்கு 4, இரண்டு வருடத்துக்குள்ளேயே பழுதாகிவிடும். விமானமே ஏறாத பிள்ளைகளுக்கும் இதேதான்.

ஆனால் சொந்தபந்தம் முழுக்க இன்றுவரை பேசுவது, 'பிள்ளையை ஏரோப்ளேனில் தூக்கிட்டு வந்து இப்படிப் பண்ணிட்டா' என்றுதான். அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பதைப் போன்றது. கேமரன் மலையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். நீர் அந்த அழுத்தத்தில் விரியாது. காற்றுதான் விரியும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை. அதனால் தலையில் ஆபரேஷன் முடிந்த கையோடு பறக்கக் கூடாது, உள்ளே காற்று தங்கியிருக்கலாம். எங்களை 3 வாரம் இருக்க வைத்து, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே கடிதம் கொடுத்தார்கள். உங்கள் மகனுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, அந்தப் பயம் வேண்டாம்.

இதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பயணக் காப்புறுதி எடுத்திருந்தோம். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. விற்கும்போது பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் கேட்டதும், ஏற்கெனவே இருந்த நோய் என்று ஒற்றை வரியில் பதில். கடைசியில் ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டியது பெரியத்தை அடகு வைத்த நாலு வளையல். அதைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு 14 மாதம் ஆனது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பொடி எழுத்தை உட்கார்ந்து படியுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். டாக்டர் கடிதம், வால்வின் பெயரும் அது எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணும், ஸ்கேன் பிரதி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். விமான நிலையத்தில் வாசல் போல நிற்கும் மெட்டல் டிடெக்டர் வழியாக அவள் சாதாரணமாக நடந்து போவாள். கையில் பிடித்துத் தடவும் கருவியை மட்டும் தலைப் பக்கம் வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அது என் மனத்திருப்திக்கு. மகனுடையது காந்தத்தால் வெளியிலிருந்து மாற்றும் வால்வு என்றால் ஹெட்ஃபோன், டேப்லெட் உறை, காந்த பொம்மை எதையும் காதுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைக்க விடாதீர்கள். எம்ஆர்ஐ எடுத்தால், பிறகு வால்வைச் சரிபார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள்.

பள்ளி, ஓட்டம், நீச்சல் எல்லாம் அவளுக்கு உண்டு. பள்ளிப் பை வார் குழாய் போகும் பக்கம் அழுத்தாமல் மாட்டிக்கொள்வாள்.

கண்ணில் வைத்திருக்க வேண்டியது தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பார்வை மங்கல், காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு. இதை உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக வைத்துக்கொள்ளாதீர்கள், வேண்டாம் என்கிற அந்தப் பெரியவர்களையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். 2023-ல் மறுபடி அதே ஊருக்கு, விமானத்தில்தான் போனோம். வெயிலில் சுற்றிவிட்டு வந்து தலை வலிக்கிறது என்றாள். பெரியத்தை ஓமத்தண்ணீர் எடுக்கப் போகவில்லை. "வாந்தி வந்துச்சா கண்ணு? தூக்கம் தூக்கமா வருதா?" என்று கேட்டுவிட்டு, அவள் இல்லை என்று சொன்ன பிறகும் ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து அவளை எழுப்பிப் பார்த்தார்.