விதிவிலக்கு வந்தால் முடிவு என்னாகும்? தர்க்கம் பற்றிய கேள்வி பதில்

ஈசூனிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, ‘டிஃபீசிபிள் ரீசனிங்’ என்றால் உறுதியில்லாத முடிவு என்று விரிவுரையில் சொன்னார்கள். அவ்வளவுதானா?

அது பாதிதான், தம்பி. முடிவு எப்படி முறியும் என்பதுதான் மீதி. வழக்கமான தர்க்கத்தில் ஒரு முடிவு கிடைத்துவிட்டால், பிறகு எத்தனை தகவல் சேர்ந்தாலும் அது அசையாது. இங்கே, அதாவது விதிவிலக்குத் தர்க்கத்தில், புதுத் தகவல் வந்ததும் முடிவைத் திரும்பப் பெறலாம். முன்பு சொன்ன எதுவும் பொய்யாக வேண்டியதில்லை.

முறிவு இரண்டு வகை என்று பிரித்துக் காட்டியவர் தத்துவவாதி ஜான் போலக். புளோக்குக்குக் கீழே தரை நனைந்திருக்கிறது, மழை பெய்திருக்கும் என்கிறீர்கள். “காலையிலிருந்து வெயில்தான்” என்று கடைக்காரர் சொன்னால் அது நேரெதிர் முறிவு, முடிவையே மறுக்கிறது. “இப்போதுதான் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள்” என்றால் அது அடியறுப்பு. மழை பெய்யவில்லை என்று அது சொல்லவே இல்லை; ஈரத்தை வைத்து மழையைச் சொல்ல முடியாது என்கிறது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அடியறுப்பு வந்ததும் ‘மழை இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை ‘தெரியாது’.

செங்காங்கிலிருந்து: அக்கா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிட விதிகளைக் கிளிங்கோவில், அதாவது விதிகளைக் கொடுத்தால் முடிவுகளைக் கணக்கிடும் மென்பொருளில், எழுதிப் பார்க்கிறேன். ஞாயிறு என்றால் நிறுத்தலாம். சிவப்புக் கட்டம் என்றால் கூடாது, அது சீசன் (மாதாந்திர நிறுத்த அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு. இரண்டையும் போட்டால் விடையே வருவதில்லை. ஏன்?

இரண்டையும் விலக்கில்லாத விதிகளாக எழுதியிருப்பீர்கள். ஞாயிறு, சிவப்பு இரண்டும் உண்மையானால் ‘நிறுத்தலாம்’, ‘நிறுத்தக்கூடாது’ இரண்டும் கிளம்பும். முரண்பாடு வந்ததால் விடைத்தொகுதி (எல்லா விதிகளுக்கும் ஒத்துப்போகும் முடிவுகளின் தொகுப்பு) பூஜ்யம். இரண்டு விதிகளிலும் ‘எதிரானது நிறுவப்படாதவரை’ என்று சேர்த்தால் விடைத்தொகுதி இரண்டாகிவிடும், ஒன்றில் நிறுத்தலாம், மற்றதில் கூடாது. அதுவும் உதவாது. விதிக்கு ஒரு தடைப்பெயர் வையுங்கள் (அம்புக்கு வலப்பக்கம் உள்ளவை எல்லாம் பொருந்தினால் இடப்பக்கம் உள்ளது முடிவு):

நிறுத்தலாம் ← ஞாயிறு, தடை1 நிறுவப்படவில்லை.
நிறுத்தக்கூடாது ← சிவப்பு, தடை2 நிறுவப்படவில்லை.
தடை1 ← சிவப்பு.
தடை2 ← சீசன்.

இப்போது ஒரே விடைதான் வரும். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஞாயிறு, சிவப்பு, சீசன் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். சீசன் இருப்பதால் இரண்டாம் விதி விழும். முதல் விதி எழுந்திருக்க வேண்டும், எழாது. தடை1 சிவப்பை மட்டும் பார்த்து அதை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வரியை ‘தடை1 ← சிவப்பு, தடை2 நிறுவப்படவில்லை’ என்று மாற்றுங்கள். தடுத்தவன் விழுந்தால் தடுக்கப்பட்டவன் எழ வேண்டும். இந்த மீட்பைச் சோதிக்காமல் எந்த விதித்தொகுப்பையும் ஒப்படைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ‘தடை1 ← நிறுத்தலாம்’ என்று தவறிப்போய் ஒரு வரி சேர்ந்து, ஞாயிறன்று தடை1 வேறு வழியில் நிறுவப்படாவிட்டால், விதி தன்னையே மறுக்கும் சுழற்சியாகிவிடும். கட்டத்தோடு சம்பந்தமே இல்லாத கேள்விகளுக்கும் விடை போய்விடும். அடுத்தது, ‘நிறுவப்படவில்லை’ வேறு, ‘இல்லை என்று தெரியும்’ வேறு. கட்டத்தின் நிறத்தை உள்ளிட மறந்தால், உங்கள் நிரல் அது சிவப்பில்லை என்று வைத்துக்கொண்டு தாராளமாக அனுமதி தரும். அபராதம் கட்டப்போவது நீங்கள், நிரல் அல்ல.

தெம்பனிஸிலிருந்து: இதையெல்லாம் நிகழ்தகவு என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன?

டோட்டோ லாட்டரியைப் பாருங்கள். 49 எண்களில் 6 என்றால் 1,39,83,816 சேர்க்கைகள். ‘இந்தச் சேர்க்கை வராது’ என்பது ஏறத்தாழ நிச்சயம். எல்லாச் சேர்க்கைக்கும் அப்படித்தான். நிகழ்தகவு அதிகமாக இருந்தால் நம்பலாம் என்று வைத்து, நம்பியதையெல்லாம் ‘மற்றும்’ போட்டுச் சேர்த்தால் எதுவுமே வராது என்றாகும். ஆனால் ஒன்று வந்தே தீரும். தத்துவவாதி ஹென்றி கைபர்க் 1961இல் எழுப்பிய லாட்டரி முரண் இது. விதிவிலக்குத் தர்க்கங்கள் பெரும்பாலும் ‘மற்றும்’ சேர்ப்பதைக் கைவிடுவதில்லை. ஆகவே வெறும் சதவீத வரம்பை அதற்கு ஈடாக வைக்க முடியாது. தத்துவவாதி எர்னஸ்ட் ஆடம்ஸ் வழியில், நிகழ்தகவு 1 என்ற எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம் என்று வைத்தால் நிகழ்தகவும் இந்தத் தர்க்கமும் ஒத்துப்போகும்.

ஒரு பெரியவர்: அம்மா, மணிமேகலையில் வரும் ஏதுப்போலிகளும் (சரியான காரணம் போலத் தோன்றும் தவறான காரணங்களும்) இதுவும் ஒன்றா?

வணக்கம் ஐயா. உறவு உண்டு, ஒன்றல்ல. 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அநைகாந்திகத்தின் (ஒரு முடிவைத் துணிய விடாத ஏதுப்போலியின்) ஆறு வகைகளில் விருத்தவியபிசாரி ஒன்று: ஓர் ஏதுவுக்குச் சமமாக எதிர் ஏதுவும் நிற்பதால் எதையும் துணிய முடியாத நிலை. மேலே நாம் பார்த்த இரண்டு விடைத்தொகுதிச் சிக்கலுக்கு மிக நெருக்கமானது. வேறுபாடு என்னவென்றால், அந்த மரபில் ஏதுவுக்கும் சாத்தியத்துக்கும் (நிறுவ வேண்டிய முடிவுக்கும்) பிரியாத தொடர்பு வேண்டும். எதிர்ப்பக்கத்திலும், அதாவது சாத்தியம் இல்லாத இடத்திலும், காணப்படும் ஏது போலியாகிவிடும். இங்கே விலக்கு உள்ள ஏதுவும் செல்லும், விலக்கு முன்னால் வந்து நிற்கும்வரை.

ஜூரோங்கிலிருந்து: சட்டம் படிப்பவர்களுக்கு இதில் என்ன?

‘டிஃபீசிபிள்’ என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1949இல் சட்டத் தத்துவவாதி எச். எல். ஏ. ஹார்ட்டின் கட்டுரை வழியாகச் சட்டச் சொல் தத்துவத்துக்குள் வந்தது. நம்மூர், அதாவது சிங்கப்பூர், சாட்சியச் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் படியுங்கள்: விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று நிறுவும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. நிறுவப்படாத விலக்கை நீதிமன்றம் இல்லை என்றே கொள்ளும். கிளிங்கோ செய்வதும் அதுதான்.

பொங்கோலிலிருந்து: சாட்பாட் இதைச் சரியாகச் செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே கதையை மூன்று முறை கொடுங்கள்: ஒரு முறை நேரெதிர் முறிவோடு, ஒரு முறை அடியறுப்போடு, ஒரு முறை சம்பந்தமில்லாத தகவலோடு. ‘இல்லை’, ‘தெரியாது’, ‘மாற்றமில்லை’ என்று மூன்று விதமாகப் பதில் வர வேண்டும்.

அங் மோ கியோவிலிருந்து: எந்த வாதம் நிற்கும் என்று கண்டுபிடிக்க ஆய்வாளர் டங் தந்த வாத வரைபடத்தைக் கணினி இல்லாமல் கணக்கிட முடியுமா?

சிறியதென்றால் தாளே போதும். 1995இல் அவர் தந்த முறையில் வாதங்கள் புள்ளிகள், தாக்குதல்கள் அம்புகள். யாரும் தாக்காத புள்ளிக்கு ‘உள்ளே’ என்று எழுதுங்கள். அது தாக்கும் புள்ளிகளுக்கு ‘வெளியே’. இனி, தன்னைத் தாக்குபவை எல்லாமே வெளியே போய்விட்ட புள்ளிகள் உள்ளே வரும். மாற்றம் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். எந்தக் குறியும் விழாமல் மிஞ்சும் புள்ளிகளை வலிந்து உள்ளே தள்ள வேண்டாம். ஒன்றையொன்று தாக்கும் இரண்டு வாதங்கள் மட்டும் இருந்தால் தாள் காலியாகவே இருக்கும், அது பிழையல்ல.