சிரோகாமி கத்தியில் வந்தது துருவா?

ஜப்பானின் சக்காய் நகரில் வாங்கிய சிரோகாமி (ஜப்பானிய கார்பன் எஃகு) கத்தி இரண்டே வாரத்தில் நீலமும் சாம்பலுமாக மாறிவிட்டது, நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள் வேறு என்று எழுதியிருந்தீர்கள். நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள்! அது பட்டினா, துருவை ஓரளவு தடுக்கும் படலம். ஆரஞ்சுதான் துரு. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பாட்டில் கார்க்கால் அந்த இடத்தில் மட்டும் தேயுங்கள்.

சிரோகாமியில் குரோமியம் சேர்ப்பதில்லை. கார்பன் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால் கூர்மையும் அதிகம், சிணுங்கலும் அதிகம். எலுமிச்சை, வெங்காயம் நறுக்கினால் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். சமையல் முடியட்டும் என்று நான் ஒருமுறை வைத்தேன்; சாப்பிட்டு வருவதற்குள் புள்ளி விழுந்துவிட்டது.

பல நாள் எடுக்காமல் வைப்பதென்றால் சுபாக்கி எண்ணெய் (கமேலியா விதை எண்ணெய்) மெல்லிசாகத் தடவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும்.