பெயிண்ட் அடிச்ச ராஜா

அன்புள்ள அண்ணா,

ஹவாய் போயிருந்தோம். ஹொனலுலுல, ஹவாய் தீவுகளையெல்லாம் ஒண்ணாக்கின கமேஹமேஹா ராஜாவோட சிலை கருப்பும் தங்கமுமா கம்பீரமா இருந்துச்சு. ஆனா முதல்ல வார்த்த சிலை பெரிய தீவுல கபாவுங்கற சின்ன ஊர்ல இருக்குன்னு சொன்னாங்க, அவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டுப் போனா ஏமாற்றம்தான். மஞ்சள் பெயிண்ட் அடிச்சு பொம்மை மாதிரி கெடுத்து வச்சிருக்காங்க. ஹிலோவுல ஒரு சிலை இருக்காமே, அதைப் பாத்திருக்கணுமோ?

அன்புள்ள தம்பி,

ஹிலோவை விட்டதுக்கு வருத்தப்படாதீங்க. அது காவாய் தீவுக்குன்னு செஞ்சது, எங்க தீவை அவர் சண்டை போட்டு ஜெயிக்கவே இல்லையேன்னு அந்த ஊர்க்காரங்க வேணாம்னுட்டாங்க, 1997ல ஹிலோவுல வச்சாங்க. அவ்வளவுதான்.

ஆனா 'கெடுத்து வச்சிருக்காங்க'ன்னு எழுதிட்டீங்களே, மனசு ஆறல. போன வாரம்தான் பழைய போட்டோவெல்லாம் ஒழிக்கும்போது கபாவுல நான் எடுத்த படம் ஒண்ணு கெடச்சுது, மூஞ்சி மட்டும். பழுப்புத் தோல், வெள்ளை முழி, கருப்புப் பாப்பா. நேரா நம்மளைப் பாக்கும்.

அந்தச் சிலை பட்ட பாடு தெரியுமா? பாஸ்டன்காரர் தாமஸ் கூல்ட் இத்தாலியில செஞ்சு, பாரிஸ்ல வார்த்து, 1880ல கப்பல்ல வரும்போது ஃபாக்லாந்து தீவுப் பக்கம் கப்பலோட முழுகிடுச்சு. இன்சூரன்ஸ் காசுல இன்னொண்ணு வார்த்தாங்க, நீங்க கம்பீரம்னு சொன்னீங்களே, அது அந்த ரெண்டாவது. அப்புறம் முதல் சிலையைக் கடல்லேர்ந்து எடுத்தாங்க, கை ஒடிஞ்சு, ஈட்டி தொலைஞ்சு வந்துச்சு, சரி பண்ணி 1883ல ராஜா பொறந்த கோஹாலா வட்டாரத்துக்கே அனுப்பினாங்க, கபாவு அங்கதான் இருக்கு. அந்த ஊர் ஜனங்கதான் தலைமுறை தலைமுறையா அதுக்கு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க.

மஞ்சள் பொம்மைக் கலரா? ஹொனலுலுல இருந்தீங்களே, பிஷப் மியூசியம் போனீங்களா? அங்க கமேஹமேஹாவோட இறகு அங்கி இருக்கு, மாமோங்கற கருப்புப் பறவை உடம்புல கொஞ்சூண்டு இருக்கற மஞ்சள் இறகை ஆயிரக்கணக்கான பறவைகிட்டேர்ந்து சேத்துக் கட்டினது, அந்தப் பறவை இனமே இப்ப இல்ல. அவர் போத்திக்கிட்டது அந்த மஞ்சள்! தங்க முலாம் பூசினது வெளியூர்ச் சிற்பி, மஞ்சள் பூசினது அவரோட ஜனங்க, இதுல யார் கெடுத்தது, நீங்களே சொல்லுங்க.

சிலையைச் செப்பனிட நிபுணர்கள் வந்தப்போ பெயிண்டுக்கு அடியில தங்க முலாம் இருந்துச்சு. பழையபடி தங்கமாக்கவா, பெயிண்டே இருக்கட்டுமான்னு ஊரைக் கூட்டிக் கேட்டாங்க, பெரியவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம் பேசினாங்க. பெயிண்ட்தான் வேணும்னுட்டாங்க, 2001ல புதுசா அடிச்சும் முடிச்சாங்க. அவங்க ராஜா, அவங்க முடிவு. ரெண்டு மணி நேரம் நின்னு பாத்த நமக்கு அதுல என்ன உரிமை?

நான் போனப்ப ஒரு வயசான அம்மா பீடத்துல பூமாலை வச்சுட்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் என்கிட்ட, "வெயில்ல மஞ்சள் வெளுத்துப் போச்சு, எங்கப்பா காலத்துல இன்னும் அடர்த்தியா இருக்கும்"னாங்க, வீட்டுத் திண்ணைச் சுவரைப் பத்திப் பேசற மாதிரி.

நல்ல மனசோடதான் எழுதியிருக்கீங்க, தெரியும். அவ்வளவு தூரம் போனதே பெருசு. நீங்க எடுத்த போட்டோவுல சிலையோட அங்கி கிட்டக்கத் தெரியறது ஏதாவது இருந்தா அனுப்புங்க தம்பி, மஞ்சள் இப்ப எப்படி இருக்குன்னு பாக்கணும்.