மருந்துக்கடை கேள்வி-பதில்: எலும்பு மாத்திரை அட்டையின் பின்பக்கம்

காரைக்குடி சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கால்சியம் மாத்திரை பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க எலும்புக்கே. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது என் வேலை, உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை.

கேள்வி: டாக்டர் "கால்சியம் 500 போடுங்க" என்றார். கடையில் ஒரு அட்டையில் 1250 மி.கி. என்று இருக்கிறது, இன்னொன்றில் 1000 மி.கி. 500 என்று எதையும் காணோம். கடைப் பையனோ "ரெண்டும் ஒண்ணுதான் ஆச்சி, விலை கூடினதை வாங்கிக்கங்க" என்கிறான். எனக்கு 61 வயது. கேஸ் மாத்திரையும் தினமும் உண்டு. எதை வாங்க? — ஓர் ஆச்சி, தேவகோட்டை

ரெண்டும் ஒன்று இல்லை ஆச்சி. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. 1250 என்று இருப்பது அநேகமாக கால்சியம் கார்பனேட். அதன் கீழேயே பொடி எழுத்தில் "ஈக்விவலன்ட் டு எலிமென்டல் கால்சியம் 500 மி.கி." என்று இருக்கும். டாக்டர் சொன்ன 500 அதுதான். கார்பனேட்டின் எடையில் நூற்றுக்கு 40 பங்குதான் கால்சியம், மீதி அந்தச் சேர்மத்தின் மற்ற பாகம். 1000 மி.கி. என்று இருக்கிற இன்னொரு அட்டை கால்சியம் சிட்ரேட்டாக இருந்தால் அதில் கால்சியம் 21 பங்குதான், அதாவது 210 மி.கி. விலை கூடின அட்டையில் கால்சியம் பாதிக்கும் குறைவாக இருப்பது இப்படித்தான். அட்டையின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அந்தப் பொடி எழுத்து வரி இல்லாத டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள்.

அதற்காக கார்பனேட்தான் உசத்தி என்று ஆகிவிடாது. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். உங்கள் கேஸ் மாத்திரை, பான்டோபிரசோலோ ஓமிபிரசோலோ, அமிலத்தைக் குறைப்பதற்கென்றே இருக்கிறது. ஒன்று அமிலத்தை அடக்க, இன்னொன்று அந்த அமிலம் இல்லாமல் கரையாமல் கிடக்க, கடைசியில் மிஞ்சுவது மலச்சிக்கல். தினமும் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு சிட்ரேட் தோதானது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். இதை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், கேஸ் மாத்திரையே இன்னும் வேண்டுமா என்பதையும் கேளுங்கள். வருஷக் கணக்கில் அதைப் போடுகிறவர்களில் பலருக்கு யாரும் நிறுத்தச் சொல்லாததுதான் காரணம்.

கேஸ் மாத்திரை போடாதவர்களுக்கு கார்பனேட்டே போதும், சாப்பாட்டோடு போட வேண்டும். எந்த வகைக் கால்சியமாக இருந்தாலும் ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம், உடம்பு அதற்கு மேல் சரியாக எடுத்துக்கொள்ளாது. 1000 வேண்டுமென்றால் காலை ஒன்று, இரவு ஒன்று.

அப்புறம் முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன அளவுப்படி வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. இது சாப்பாட்டையும் சேர்த்து. ஒரு டம்ளர் பசும்பாலில், 200 மில்லி என்று வையுங்கள், 240 மி.கி. வாக்கில் இருக்கும். இரண்டு டம்ளர் பால், மதியம் ஒரு கிண்ணம் தயிர், வாரத்தில் சில நாள் கேப்பைக் களியோ கூழோ, முருங்கைக்கீரைப் பொரியல் என்று சாப்பிடுகிறவருக்குப் பாதிக்கு மேல் அடுப்படியிலேயே கிடைத்துவிடும். அவருக்குக் குறைவது ஒரு மாத்திரை அளவு. பால், தயிர் பக்கமே போகாதவருக்கு இரண்டு தேவைப்படலாம். சாப்பாட்டைக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதுவது எனக்கு ஒப்பாது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் "எலும்புக்கு நல்லது" என்று பெரிய டப்பா வாங்கி வந்தான். பதினைந்து இருபது சாமான் போட்டிருக்கிறது. ஒரு மாத்திரையில் 1000 மி.கி. கால்சியம் என்கிறான். இதய வால்வு மாற்றிய என் கணவரும் "எனக்கும் ஒண்ணு கொடு" என்கிறார். கொடுக்கலாமா? — ஒரு வாசகி, கானாடுகாத்தான்

முதலில் கணவர். கொடுக்காதீர்கள். உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமராலோ வார்ஃபரினோ போடுவார்கள். அந்த மருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் பலன் தருகிறது. உங்கள் டப்பாவில் "வைட்டமின் கே2" அல்லது "எம்கே-7" என்று ஒரு வரி இருக்கலாம், இப்போது வருகிற எலும்பு டப்பாக்கள் பலவற்றில் அது உண்டு. மைக்ரோகிராம் அளவுதான் என்று அலட்சியம் வேண்டாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் அளவு இறங்கி, வால்வில் ரத்தக் கட்டி சேர அது போதும். தெரியாமல் ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரையின் அளவைத் தானாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம்.

இனி டப்பா. பின்பக்கக் கட்டத்தின் முதல் வரியில் "சர்விங் சைஸ்" என்று ஒன்று இருக்கும். பாருங்கள், அநேகமாக 3 அல்லது 4 மாத்திரை என்று போட்டிருப்பான். மகன் சொன்ன 1000 மி.கி. அத்தனையையும் விழுங்கினால்தான். ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இங்கே நம் தெருக்கடை அட்டையை விடக் குறைவாகவே வந்தாலும் வரும்.

மற்ற சாமான்களில் வைட்டமின் டி3 தேவையானது. குறைவாக இருக்கிறவருக்குக் கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அதுதான் உதவும். மெக்னீசியம் பருப்பு, கடலை, கீரை, தீட்டாத அரிசி சாப்பிடுகிற வீட்டில் பெரும்பாலும் கிடைக்கும். துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, போரான் எல்லாம் பட்டியலை நீட்டத்தான். கே2 பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தாகக் கொடுக்கிற கே2 நாளைக்கு 45 மில்லிகிராம், டப்பாவில் இருப்பதோ மைக்ரோகிராம், அது வேறு வகையும் கூட. ஜப்பான் பெயரைச் சொல்லி விற்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொலாஜன், குளுக்கோசமைன் இருந்தால் அவை மூட்டுக் குருத்தெலும்புக்கு என்று விற்கப்படுபவை. எலும்பின் அடர்த்திக்கு அதை நம்ப வேண்டாம். குளுக்கோசமைனைப் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிறார்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களும் சைவக்காரர்களும் பார்த்து வாங்க வேண்டும். (டி3-யையே பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். இது தெரிந்து ஓர் அப்பச்சி கடையில் வைத்தே மாத்திரையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். லைக்கன் என்கிற கற்பாசி வகையில் இருந்து எடுக்கிற சைவ டி3-யும் உண்டு, கேட்டு வாங்கலாம்.)

ஒன்றை மட்டும் குறிப்பாகத் தேடுங்கள்: ஸ்ட்ரான்சியம். சில வெளிநாட்டு டப்பாக்களில் இருக்கிறது. கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் போய் எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். கால்சியத்தை விடக் கனமான தனிமம் என்பதால் ஸ்கேனில் எலும்பு அடர்த்தி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். ஸ்ட்ரான்சியம் ரனிலேட் என்று மருந்தாகவே ஐரோப்பாவில் கொடுத்து, மாரடைப்பு அபாயம் தெரிந்த பின் அதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள். உங்கள் டப்பாவில் இருந்தால் மகன் மனம் நோகாமல் அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: "கோரல் கால்சியம்", "சிப்பி கால்சியம்" இயற்கையானது, மற்றதெல்லாம் கெமிக்கல் என்று விற்பனைக்கு வந்தவர் சொன்னார். உண்மையா? — கோட்டையூர் வாசகர்

பவளமும் சிப்பியும் கால்சியம் கார்பனேட்தான். நம்ம ஊர் வளவு வீடுகளில் கண்ணாடி மாதிரி மின்னுகிற சுவர் இருக்கிறதே, கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது, அதுவும் காற்றுப்பட்டு இறுகி முடிவில் அதே கார்பனேட்தான் ஆகிறது. எங்கிருந்து எடுத்தாலும் சரக்கு ஒன்று. உண்மையில் சிப்பியிலிருந்தும் எலும்புத் தூளிலிருந்தும் எடுத்ததில்தான் ஈயம் கலந்திருக்கும் சந்தேகம் அதிகம், சுத்திகரித்த கார்பனேட்டில் அது குறைவு. இரண்டு மடங்கு விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தை வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: வைட்டமின் டி 60,000 பாக்கெட் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை வாரம் என்று சீட்டில் இல்லை. இரண்டு வருஷமாகப் பாலில் கலந்து சாப்பிட்டு வருகிறேன். கொஞ்ச நாளாக வாய் வறட்சி, பசியில்லை, அடிக்கடி சிறுநீர். வெயில் காரணமா? — ஒரு வாசகர், காரைக்குடி

வெயில் மேல் பழி போடாதீர்கள். இன்றைக்கே பாக்கெட்டை நிறுத்திவிட்டு, நாளைக்கு ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி மூன்றும் பார்த்து, டாக்டரிடம் போங்கள். நீங்கள் சொல்கிற மூன்றும் ரத்தத்தில் கால்சியம் ஏறினால் வருகிற அறிகுறிகள். வாய் வறட்சியும் அடிக்கடி சிறுநீரும் சர்க்கரை நோயிலும் வரும், அதையும் பார்க்கட்டும்.

60,000 யூனிட் பாக்கெட் குறைபாட்டைச் சீர்செய்ய. வழக்கமாக எட்டு வாரம் போட்டு, பிறகு குறைந்த அளவுக்கு மாற்றுவார்கள். ஏழு நாளுக்குப் பிரித்தால் தினம் எட்டாயிரத்து ஐந்நூறு யூனிட் சொச்சம். சாதாரணமாகத் தேவை 600 யூனிட்தான். வைட்டமின் சி மாதிரி மிச்சம் சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். கூடினால் நல்லதுதானே என்கிறவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. அந்த முடிவு 2010-லேயே வெளிவந்துவிட்டது.

சீட்டில் "எத்தனை வாரம்" என்று எழுதாத எந்த பாக்கெட்டையும் கடைக்காரர் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: பிரண்டை மாத்திரை என்று இப்போது டப்பாவில் வருகிறது. எங்கள் வீட்டு வேலியிலேயே பிரண்டை கிடக்கிறது. எது நல்லது? — புதுவயல் வாசகி

துவையல். நாரை உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, சிவக்க வதக்கி, புளி வைத்து அரைத்தால் அரிப்பு அடங்கும். எலும்பு ஒட்டப் பிரண்டையைக் கட்டுவதும் சாப்பிடுவதும் நம் பக்கத்துப் பழைய வழக்கம், சிறிய அளவில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. ஆனால் தேய்மானத்துக்குக் கொடுக்கிற மருந்துக்கு அது மாற்று என்று சொல்ல இன்னும் ஆதாரம் போதாது. டப்பாவில் பிரண்டை "எக்ஸ்ட்ராக்ட்" (பிரித்தெடுத்த சத்து) எத்தனை மி.கி. என்று போடாமல் வெறும் "மூலிகைக் கலவை 500 மி.கி." என்று மொத்தமாக எழுதியிருந்தால் உள்ளே பிரண்டை சிட்டிகை அளவு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆடியில் கும்மாயம் என்கிற உளுந்து இனிப்பு கிண்டுகிற வீட்டுக்கு உளுந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உளுந்து தருவது முக்கியமாகப் புரதம். எலும்புக்கு அதுவும் வேண்டும், டப்பாக்காரர்கள் அதைப் பேசுவதே இல்லை.

கேள்வி: வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பே கால்சியம்தானே, மாத்திரை எதற்கு என்கிறார் மாமியார். — தேவகோட்டை

சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது, மறுக்கவில்லை. கூடவே போகிற பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது, புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரைதான்.

கேள்வி: காலையில் தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்தே போட்டுவிடுகிறேன், மறக்காமல் இருக்க. சரியா? சிறுநீரகக் கல் இருந்தவர்கள் கால்சியம் போடலாமா? — பள்ளத்தூர் வாசகி

சேர்க்காதீர்கள். கால்சியம் தைராய்டு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இடைவெளி வேண்டும்.

கல் இருந்தவர்கள் பால், தயிரை நிறுத்தக் கூடாது, உணவில் இருக்கிற கால்சியம், கல் உண்டாக்குகிற ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். மாத்திரை வேறு. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாகப் போட்டவர்களுக்கு சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. உங்களுக்குக் கல் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

கேள்வி: ஊரில் இலவச எலும்பு முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து "உங்களுக்கு எலும்பே இல்லை" என்கிற மாதிரிப் பயமுறுத்தி மூன்று மாதப் பவுடரைத் தலையில் கட்டினார்கள். சாப்பிடவா? — ஒரு வாசகர், தேவகோட்டை அருகே

பவுடர் டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சட்டப்படி உணவு, எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து அல்ல. குதிகால் மெஷின் ஒலி அலையை வைத்து ஒரு மதிப்பு சொல்லும், அதை வைத்து தேய்மானம் என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கிற டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன் வேண்டும். அதில் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட மதிப்பு) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புத் தேய்மானம். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் அடர்த்தி குறைகிறது என்று அர்த்தம், நோய் என்று அல்ல.

ஸ்கேனில் உண்மையிலேயே அப்படி வந்தால் கால்சியம் மட்டும் போதாது, அலென்ட்ரோனேட் போன்ற மருந்து எழுதுவார்கள். அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபி குடிக்காமல் இருக்க வேண்டும். கால்சியம் அதற்குப் பிறகுதான்.

பவுடருக்குக் கொடுத்த பணத்தைப் பில் இருந்தால் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கப் போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.