நோயை ஒப்புக்கொண்டான், இனிக் கவலையில்லையா?

மனச்சிதைவு நோயுள்ள உங்கள் தம்பி, "இது என் நோய்தான்" என்று முதன்முறையாக ஒப்புக்கொண்டதாகவும், இனிக் கவலையில்லைதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையை விழுங்கும்வரை அருகில் நிற்பதைக்கூட இதற்குள் விட்டிருப்பீர்கள். நாங்களும் விட்டோம்.

என் தம்பி வேலைக்குச் சேர்ந்த ஓராண்டுக்குள் நோய் வந்தது. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மூன்றாண்டுகள் சாதித்தவன், இரண்டாம் முறை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, "அக்கா, அவர்கள் யாரும் பேசவில்லை, எல்லாம் எனக்குள்ளேதான்" என்றான். அம்மா அன்றே முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். வீடு திரும்பிய இரண்டாவது வாரம், அவன் தன் சான்றிதழ்களை எல்லாம் வரிசையாக அடுக்கி என்னிடம் கொடுத்து, "இனி எனக்கு இவை எதற்கு?" என்றான். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போனேன். மறுநாள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான், பிழைத்துக்கொண்டான். அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

பிறர் சதி செய்கிறார்கள் என்று நம்பிய வரையில் அவனுக்குக் கோபமாவது இருந்தது. கோபித்துக்கொள்ள ஆளே இல்லை என்று தெளிந்தபோது, போன வேலையும் முறிந்த திருமணப் பேச்சும் தன் கணக்கிலேயே எழுதப்பட்டுவிட்டதாக நினைத்தான். இந்நோயாளிகளில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் தற்கொலையால் இறப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களும் கூடுதல் ஆபத்தானவை. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் நோயுணர்வு, அதாவது தனக்கு நோய் இருப்பதைத் தானே உணர்வது, நன்று என்று எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நோயுணர்வே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணி யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அது இருந்தால்தான் மாத்திரை தவறாமல் உள்ளே போகும். மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான். அந்த உணர்வோடு மனச்சோர்வும், இனி எதுவும் இல்லை என்ற எண்ணமும் சேருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். தம்பிக்குப் பின்னர் குளோசாபின் தொடங்கினார்கள். இந்நோயில் தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதற்கென்றே 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது. வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தோம். உங்கள் தம்பிக்கு அது வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று முன்பு பயந்திருந்தேன்; அப்படி வருவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். இப்போது ஞாயிறுதோறும், "சாக வேண்டும்போல் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கிறேன். ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாமல் மருத்துவரை அழைப்போம். அவர் கிடைக்காத இரவில் இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைத்ததும் உண்டு. மற்ற வாரங்களில், "உனக்கு வேறு பேச்சே இல்லையா, அக்கா?" என்று சலித்துக்கொண்டு தோசை கேட்பான்.