எழும் வல்லரசுடன் போர் தவிர்க்க முடியாததா?

கேள்வி: புதிதாக வளரும் வல்லரசும் ஏற்கெனவே முதலிடத்தில் இருக்கும் வல்லரசும் மோதியே தீரும் என்கிறார்களே, சீனாவும் அமெரிக்காவும் அந்த வழியில்தான் போகின்றனவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மோதியே தீரும் என்பவர்கள் உடனே காட்டுவது பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய 1914-ஐ. அதே காலத்தில் அதே பிரிட்டனை முந்திக்கொண்டு எழுந்த அமெரிக்காவை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அங்கும் போர்ப் பேச்சு எழாமல் இல்லை. வெனிசுவேலாவுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இடையிலான எல்லைத் தகராறில், எல்லை எது என்பதை அமெரிக்கா அமைக்கும் குழுவே ஆராயும், அதற்குப் புறம்பாகப் பிரிட்டன் நிலத்தைப் பிடித்தால் எதிர்ப்போம் என்று 1895 டிசம்பரில் அதிபர் கிளீவ்லாந்து வெளிப்படையாக எச்சரித்தார். முதலில் முறுக்கிக்கொண்ட பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரியின் அரசு, பிறகு நடுவர் மன்றத்துக்கு இசைந்தது. (1899-இல் வந்த தீர்ப்பு பெரும்பகுதி நிலத்தைப் பிரிட்டனுக்கே கொடுத்தது என்பது வேடிக்கை.) மத்திய அமெரிக்காவில் கால்வாயை அமெரிக்கா தனியாகவே வெட்டிக்கொள்ளவும் 1901-இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பகுதியிலுள்ள கரீபியக் கடலில் செல்வாக்கை இழந்தாலும் லண்டனுக்குச் சோறு கிடைக்கும். பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலுள்ள வடகடலில் இழந்தால் கிடைக்காது. தான் உண்ணும் கோதுமையில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்கிய அந்தத் தீவுக்கு எதிரே, 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்களைக் கொண்டு ஜெர்மன் கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸ் போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கியபோது, பிரிட்டன் 1906-இல் டிரெட்னாட் என்ற புதுவகைப் பெரும் போர்க்கப்பலை மிதக்கவிட்டது. 1909-ஆம் ஆண்டுத் திட்டத்தில் மட்டும் அத்தகைய கப்பல்கள் எட்டு. 1912-இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹால்டேன் பெர்லின் சென்று பேசினார். ஐரோப்பாவில் போர் வந்தால் பிரிட்டன் நடுநிலை வகிக்கும் என்று வாக்குக் கொடுத்தால்தான் கப்பல்களைக் குறைப்போம் என்றது ஜெர்மனி. பேச்சு முறிந்தது.

இத்தனைக்கும் 1914-இல் பொறி விழுந்த இடம் வடகடல் அல்ல, ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட பொஸ்னிய நகரமான சரயேவோ. கூட்டாளியான ஆஸ்திரியாவின் சண்டைக்காக ஜெர்மனி இறங்கியது.

ஆகவே சீனா எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட, எந்த இடத்தில் உரசல் என்பதைத்தான் நான் கவனிப்பேன். குறுகலான இடத்தில் சுமார் 130 கி.மீ. அகலமே உள்ள தைவான் நீரிணை, அமெரிக்காவுக்கு ஒரு கரீபியனா, வடகடலா என்பதில் வாஷிங்டனிலேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் கூட்டாளியும் எண்ணெயை இறக்குமதி செய்தே வாழும் நாடுமான ஜப்பானோ, தன் கடல்வழியை ஒட்டிய அந்த இடத்தை வடகடலாகவே பார்க்கிறது.